எண்பது நிறையாதவர்

எண்பது வயது ஆனதும் செத்துப்போவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். கயிறு, விஷம் என்று யாரும் பதற வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் ரத்தம் கழுவப் போகிறார் அல்லவா, அதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். சிறுநீரகம் இரண்டும் போன மனிதர் அதை நிறுத்தினால் பத்து நாள் தாங்குவார். மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். ஒரு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பசாரில் மீன் வாங்கும்போது சொல்வார். காரில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது சொல்வார்.

"மார்ச் பதினாலு வரைக்கும் போவோம் பிரேமா. அதுக்கப்புறம் வேணாம்."

மார்ச் பதினான்கு அவருடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள பிறந்த தேதி. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு.

யோசனை வேதத்திலிருந்து வந்தது. மோசே ஜெபம் பண்ணும் இடத்தில் மனிதனுக்கு எழுபது வருஷம், பலம் இருந்தால் எண்பது என்று வருகிறது. அப்பா அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தன் பிறந்த தேதியையும் எழுதி வைத்திருந்தார். அதற்கு மேல் இருப்பது அடுத்தவன் தட்டில் கை வைப்பது மாதிரி என்பார். அவருக்குப் பிடித்த ஆள் பர்சிலா. தாவீது ராஜா அந்தக் கிழவனை அரண்மனைக்கு வா, கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கூப்பிடுகிறார். எனக்கு எண்பது ஆகிவிட்டது, சாப்பிட்டால் ருசி தெரியவில்லை, பாட்டு காதில் ஏறவில்லை, அப்பா அம்மாவைப் புதைத்த இடத்திலேயே நானும் போய்ச் சேருகிறேன், விடுங்கள் என்று அவன் சொல்லிவிடுகிறான். "மனுசன்னா அவன்தான்" என்பார் அப்பா. ராஜாவே கூப்பிட்டும் போகாதவன் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அப்பா பெயர் அய்யாவு. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஞானஸ்நானம் எடுத்தார். அப்போதிருந்த பாதிரியார் ஆபிரகாம் என்று பெயர் வைக்கலாம் என்றாராம். ஆபிரகாம் நூற்றெழுபத்தைந்து வருஷம் இருந்தாரே, எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம் என்று அப்பா மறுத்துவிட்டார். இப்போதைய எங்கள் பாஸ்டர் பெயர் காளிதாசன். அவரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. காளிக்குத் தாசனாக இருந்துகொண்டு கர்த்தருக்கு ஊழியம் செய்கிறார், ஒரு குறையும் இல்லை.

காளிதாசன் பாஸ்டர் பிப்ரவரியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாதாடிப் பார்த்தார். சாகப்போகிறாய் என்று தீர்க்கதரிசி வந்து சொன்ன பிறகும் எசேக்கியா ராஜா அழுது ஜெபம் பண்ணினார், ஆண்டவர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார், அதை நினைத்துப் பாருங்கள் ஐயா என்றார்.

"கொடுத்தாரு. அந்தப் பதினஞ்சு வருஷத்துலதான அவரு மகன் மனாசே பொறந்தான்?" என்றார் அப்பா. "நாட்டையே நாசம் பண்ணவன். அன்னிக்கே அந்த மனுசன் போயிருந்தா அவன் பொறந்திருக்கவே மாட்டான் பாஸ்டர்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மைலோ கலக்கப் போனேன். பாஸ்டர் கிளம்பும்போது வாசலில் நின்று, "ஐயா சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியலம்மா. சரின்னு சொல்லவும் முடியல" என்றார். அவருக்கு முப்பத்தெட்டு வயது. பாவமாக இருந்தது.

என்னைக் கேட்டால், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் உண்மை. மூன்று வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி விடியுமுன் எழுந்து, அப்பாவைக் குளிப்பாட்டி, சுங்கைப் பட்டாணி டயாலிசிஸ் மையத்தில் ஆறரைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். எடை பார்த்து, கையில் இரண்டு ஊசி குத்தி, நாலு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் வாந்தி, தலைசுற்றல், அடுத்த நாள் கொஞ்சம் தெம்பு, அதற்கடுத்த நாள் மறுபடியும். கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். ஷிப்ட் ஒத்துவராமல் விட்டுவிட்டு, மற்ற நாள்களில் ஒரு டோபி கடையில் துணி வெளுத்து மடிக்கிறேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, அதில் சுவாரசியமும் இல்லை. தம்பி தயாளன் ஜொகூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அப்பா இஷ்டம் லா அக்கா, நாம என்ன செய்ய முடியும்" என்பான். அவன் எதையும் செய்ததில்லை என்பதால் அது அவனுக்குச் சுலபமாக வந்தது.

அப்பா சாக வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. திங்கட்கிழமை வரக்கூடாது என்றுதான் ஆசை.

மார்ச் பதினான்கு சனிக்கிழமை. சபையில் நன்றி ஆராதனை வைத்தோம். பிறகு வீட்டில் பிரியாணி, கேக். தயாளன் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டான். கோத்தா கோலா மூடாவிலிருந்து பாப்பம்மா அத்தை, அப்பாவின் அக்கா, மகன் காரில் வந்திருந்தார். எங்கள் சொந்தத்தில் அப்பா மட்டும்தான் வேதத்துக்கு வந்தவர். அத்தை நெற்றி நிறையத் திருநீறோடு சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் கை தட்டும்போது தானும் தட்டினார். அப்பாவின் முடிவு அத்தைக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே ஒப்பாரி ஆரம்பித்துவிடும் என்று அப்பா யாரையும் சொல்லவிடவில்லை.

சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை கேக் தட்டோடு அடுப்படிக்கு வந்தார்.

"ஏண்டி பிரேமா, இந்தக் கேக்குல எட்டும் சைபரும் நட்டு வச்சீங்களே, அது யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான் அத்தை. எண்பது."

"எனக்கே எழுபத்தெட்டுதான்டி நடக்குது. எனக்குப் பின்னால பொறந்தவனுக்கு எப்படி எண்பது வரும்?"

நான் குழாயை மூடினேன். அவர் அக்கா, இவர் தம்பி. பிறந்ததிலிருந்து கேட்டுவரும் வார்த்தை. அத்தைக்கு என்ன வயது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பாவும் யோசித்திருக்க மாட்டார். தோட்டத்தில் பொம்பளைகள் வயதை யார் கேட்டார்கள்?

அத்தை முக்காலியில் உட்கார்ந்து, கேக்கைத் தின்றுகொண்டே சொன்னார்.

"எங்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் அய்யாவுன்னுதான் பேரு. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். நான் அப்ப கைக்கொழந்த. அப்புறம் உங்கப்பன் பொறந்தான். அதே பேர வச்சாங்க. மூத்தவனோட சூராட்டு எங்கம்மா டின்னுக்குள்ள கெடந்துச்சு. புதுசா எடுக்கணும்னா போலீஸ் டேசன் போவணும், ஒரு நாள் வேல போயிரும். பேரு ஒண்ணுதானே, இதே போதும்னு எங்கப்பா விட்டுட்டாரு."

பிறப்புப் பத்திரத்தை அத்தை தலைமுறையில் சூராட்டு என்றுதான் சொல்வார்கள்.

"அப்புறம் எங்கப்பா செத்துட்டாரு. வீட்டுல கஞ்சிக்கு வழியில்ல. அம்மா இவனக் கூட்டிக்கிட்டு தோட்டத்து ஆபீசுக்குப் போச்சு. கணக்கு எழுதுற கிராணி சூராட்டப் பாத்தாரு. பன்னெண்டு வயசு ஆயிருச்சு, வேலைக்கு வரலாம்னு பேர எழுதிக்கிட்டாரு. அப்ப இவனுக்கு எட்டு. பால் வடியுற மங்க மரத்துல தூக்கி வைக்கக்கூட கை எட்டாது. அதே சூராட்ட வச்சித்தான் ஐசியும் எடுத்தாங்க. அம்மா சாவுறதுக்கு முந்தி எங்கிட்ட மட்டும் சொன்னுச்சு."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"மூத்தவன் இருந்ததே அவனுக்குத் தெரியாது. செத்த புள்ளையப் பத்தி எங்கம்மா பேசாது." அத்தை விரலில் ஒட்டிய கிரீமை முந்தானையில் துடைத்தார். "நீ சொல்லிப்புடு. நாலு வயசு கம்மின்னா அவனுக்கு சந்தோசமா இருக்கும்."

"நான் சொல்றேன் அத்தை" என்றேன்.

அன்று சொல்லவில்லை. வீடு நிறைய ஆள். மறுநாள் ஞாயிறு, சபையிலிருந்து வந்து எல்லாரும் அசந்து படுத்துவிட்டோம். மாலையில் தயாளன் குடும்பம் கிளம்பியது. அவன் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுதுவிட்டு நெரிசலுக்கு முன்னால் போக வேண்டும் என்று அவசரமாகக் காரை எடுத்தான். நான் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டேன். சொல்ல நல்ல நேரம்தான். பக்கத்தில் உட்கார்ந்து, ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணிவரை தூங்கினேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. எழுந்ததும் மையத்துக்குப் போன் போட்டேன். சிஸ்டர் உமாராணி எடுத்தார். அப்பா சொன்னபடி நிறுத்திவிட்டார் என்றேன்.

"ரெண்டு வாரம் அங்கிள் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன்க்கா" என்றார் அவர். "மனசு மாறி வந்தவங்க இருக்காங்க."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் அப்பா பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். அளந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பேன், சூப்பு குடித்தால் அதிலும் குறைப்பேன். இப்போது மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். புதன்கிழமை பிசாங் மாஸ் ஒரு சீப்பு கேட்டார். வாங்கி வந்தேன். வாழைப்பழம் அவருக்கு ஆகவே ஆகாது. இளநீர் கேட்டார். அது இன்னும் ஆகாது. சாலையோரம் காரை நிறுத்தி இரண்டு வாங்கினேன், ஒன்று எனக்கு. விற்கிற ஆள் வெட்டித் தரும்வரை வெயிலில் நின்றேன். இப்போது சொல்லலாம், இன்று சாயங்காலம் சொல்லலாம் என்ற நினைப்பு இருந்துகொண்டேதான் இருந்தது. பல்வலி மாதிரி, வேலை பார்த்தால் தெரியாது.

நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னால் அப்பா எழுந்து டயாலிசிஸ் பையை எடுத்துக்கொள்வார். இன்னும் நாலு வருஷம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு திங்கட்கிழமை, ஐம்பத்திரண்டு புதன், ஐம்பத்திரண்டு வெள்ளி. இதை டோபி கடையில் வேட்டி மடிக்கும்போது மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். போட்டதற்காக வெட்கப்படவில்லை. வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

தவிர, அவர்தானே முடிவு செய்தார்? சந்தோஷமாகத்தானே இருக்கிறார்? பர்சிலா மாதிரி, ஆபிரகாம் மாதிரி, நிறைந்த வயதில் போகிறார். நான் எதற்கு நடுவில் புகுந்து கெடுக்க வேண்டும்? இப்படிச் சொல்லிக்கொள்ள வேதம் வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை கால் இரண்டும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. முன்னறையில் சாய்வு நாற்காலியைப் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தேன். பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து, கொடுத்து வைத்த மனுஷன், காலாகாலத்தில் போகிறார் என்றார்கள். எதிர்வீட்டு முருகையா அண்ணன் பந்தலுக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்தார். நல்ல எண்ணத்தில்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என் தோளைத் தொட்டார்.

"பிரேமா, எனக்குப் பயமா இருக்கும்மா."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நெறஞ்ச வயசுல போறவனுக்குப் பயம் இருக்காதுன்னு நெனச்சேன்." ஒவ்வொரு இரண்டு வார்த்தைக்கும் நின்று மூச்சு எடுத்தார். "ஆபிரகாம் நெறஞ்சு போனாருன்னு போட்டிருக்கு. ஈசாக்கும் அப்படித்தான். யோபும் அப்படித்தான். சாப்பிட்டு முடிச்சவன் போதும்னு எந்திரிக்கிற மாதிரி. எனக்கு நெறயலம்மா. அன்னிக்கு அந்த இளநிகூட ருசியா இருந்துச்சு. பர்சிலாவுக்கு ருசி தெரியல. எனக்குத் தெரியுது. என் விசுவாசத்துல ஏதோ ஓட்ட."

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"எண்பது வருசம் குடுத்தும் பத்தலங்கிறவன ஆண்டவரு என்னான்னு கேப்பாரு?"

அவர் அழுதார். மூச்சு இல்லாததால் அழுகையும் சரியாக வரவில்லை, வாய் மட்டும் கோணியது. முடிவு செய்தது முதல் அவர் ஒரு தடவைகூட ஆசையோடு அதைச் சொல்லியிருக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி எழுந்து நின்றிருக்கிறார். எழுதியிருக்கிறது, அதனால் போக வேண்டும். நான் அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்வது தேவையாக இருந்தது.

"அப்பா, உங்களுக்கு எண்பது ஆகல" என்றேன்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தவன், காய்ச்சல், டின்னுக்குள் கிடந்த சூராட்டு, கிராணி. அப்பா வாயைத் திறந்தபடி கேட்டார். முடித்ததும் இடது கையை விரித்து விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"அப்ப எழுபத்தாறா?"

"ஆமா."

"அதான்!" என்றார். அந்த மூச்சுத்திணறலிலும் நாற்காலியின் கையைத் தட்டினார். "அதான் நெறயல! நாலு வருசம் கொறையுதே, எப்படி நெறயும்? நான் பாட்டுக்கு என் விசுவாசத்தப் போட்டுத் திட்டிக்கிட்டு இருக்கேன்." முகம் மலர்ந்துவிட்டது. அழுத கண்ணீர் அப்படியே இருக்கச் சிரித்தார். "பைய எடும்மா. போவோம். உமாராணி பொண்ணு இருக்குமா இன்னிக்கு?"

எனக்கு நிம்மதி வரவில்லை. துக்கமும் வரவில்லை. பையில் போர்வையையும் ஸ்வெட்டரையும் வைத்தேன். அங்கே குளிரும்.

மையத்தில் உமாராணி அவரைப் பார்த்ததும் என்னைத் திட்டினார், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரியாஸ்பத்திரியில் அன்று மத்தியானமே ரத்தம் கழுவினார்கள். கொஞ்சம் தவறியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று அங்கிருந்த சின்ன வயது டாக்டர் மலாயில் சொன்னார். எதனால் இவ்வளவு பொட்டாசியம், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வாழைப்பழம், இளநீர் என்றேன். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை.

நாலு நாள் வார்டில் இருந்தோம். அப்பா எல்லாரிடமும் கதை சொன்னார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த பெண்ணிடம் ஐசியைக் காட்டி, "இந்தாளு நான் இல்ல, எங்கண்ணன்" என்றார். அவள் மலாய்க்காரப் பெண், தலையாட்டிவிட்டுப் போனாள். பாஸ்டர் வந்தபோது மட்டும் சிரிப்பு இல்லை.

"ரெண்டு வயசுல போனானே பாஸ்டர், அவனுக்கு எது நெறஞ்ச வயசு? அவன் பேரு, அவன் தேதி, எல்லாத்தையும் நான் எடுத்துக்கிட்டேன். அவனுக்குன்னு எழுதி வச்ச வருசமெல்லாம் எங்க போச்சு?"

காளிதாசன் பாஸ்டர் கையில் இருந்த வேதத்தைத் திறக்கவில்லை. "தெரியலங்கையா" என்றார். அந்த ஒரு பதிலுக்காக எனக்கு அவரை முதல் தடவையாகப் பிடித்தது.

புதன்கிழமை காலை மறுபடி ரத்தம் கழுவி, பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மணிக்கூண்டுப் பக்கம் வரும்போது அப்பா பசிக்கிறது என்றார். வழக்கமாகப் போகும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன். மத்தியானக் கூட்டம் இன்னும் வரவில்லை. இலை போட்டுச் சோறு, முட்டைக்கோஸ், பொரித்த மீன் ஒரு துண்டு வைத்தார்கள். சாம்பார் வேண்டாம் என்று நான் கையால் தடுத்தேன். பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

அப்பா சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

"அக்கா இதெல்லாம் எப்பம்மா சொன்னா?"

போன் பண்ணினார் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று சொல்லியிருக்கலாம். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்.

"உங்க பொறந்தநாள் அன்னிக்கு. அடுப்படியில" என்றேன்.

அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தச் சனிக்கிழமை வரை ஏழு நாள். மனதுக்குள் எண்ணியிருப்பார். தண்ணீர், வாழைப்பழம், சாலையோரம் நான் வெயிலில் நின்று வாங்கிய இளநீர், எல்லாமே அந்த ஏழு நாளுக்குள்தான் இருந்தன. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்மேல் ஏதாவது வந்து விழ வேண்டும் என்று எனக்கு ஏக்கமாகக்கூட இருந்தது. அவர் என் கையை, பிளீச்சில் தோல் உரிந்த விரல்களை, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார்.

கடையில் அப்பா சத்தம் போட்டு ஜெபம் பண்ணும்போது எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். பக்கத்து மேசையில் லாரிக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். எனக்கு இன்னும் நாலு வருசம் மிச்சம் இருக்குன்னு காட்டுனீங்க, அதுக்கும் ஸ்தோத்திரம். எனக்கு இருக்கணும்னு ஆச, உங்களுக்குத் தெரியும். ஆனா எம்பொண்ணு ரொம்பக் களச்சுப் போயிட்டா ஆண்டவரே. நாலும் வேணாம். ரெண்டு போதும். மீதி ரெண்ட நீங்களே எடுத்துக்குங்க. அவள ஒண்ணும் கேக்காதீங்க. இயேசுவின் நாமத்துல கேக்குறோம் பிதாவே."

அத்தோடு நிறுத்தினார், கண்ணைத் திறக்கவில்லை. கூட இருக்கிறவர்கள் ஆமென் சொன்னால்தான் ஜெபம் சேர்ந்த ஜெபமாகும் என்பது அவருடைய நம்பிக்கை. சொல்லும்வரை சோற்றைத் தொட மாட்டார்.

"ஆமென்" என்றேன். சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.